சாட்சியைத் தின்ற பசு

நான் காகிதத்தில் வரைந்த ஆணியில் என் சட்டையை மாட்டியிருக்கிறேன்.

கோயமுத்தூரில் வரைபடத் தொழிலில் இருந்தவர்களுக்கு இது தெரிந்த சங்கதிதான். பலகைமேல் தாளை விரித்துப் பென்சிலால் வரைந்த காலம் அது. அவிநாசி ரோட்டில் ஒரு பம்புக் கம்பெனி. சுவரில் ஒட்டியிருந்த பெரிய தாளில் ஓர் ஆணி வரைந்தேன். தலையின் வட்டம், உடம்பின் பளபளப்பு, கீழே விழுந்த நிழல் எல்லாம் அவ்வளவு சுத்தம். சித்திரை வெயில். சட்டையைக் கழற்றினேன், மாட்டினேன், நின்றது. மேனேஜர் வந்து பார்த்துவிட்டு, ‘கம்பெனி ஆணியைச் சொந்த உபயோகத்துக்கு எடுத்துக்கொண்டது ஏன்?’ என்று மெமோ கொடுத்தார்.

இந்த ஆணியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். விசாரணைக் கமிஷன் வரைக்கும் வந்து என் வாயை அடைத்தது இது.

என் பெயர் கனகசபாபதி. ஓய்வு பெற்ற பிறகும் பீளமேட்டில் ஒரு வடிவமைப்புக் கம்பெனி என்னை வைத்துக்கொண்டிருந்தது. பழைய தாள்களைப் படித்துச் சொல்ல ஆள் வேண்டும் என்பது ஏட்டில் எழுதிய காரணம். உண்மையான காரணம், மத்தியானச் சாப்பாட்டு வேளை. “இன்னைக்கு என்ன புளுகுங்கண்ணா?” என்று கேட்டுக்கொண்டேதான் டிபன் பாக்ஸைத் திறப்பார்கள்.

எங்கள் அணியில் மூன்று பேர். தலைமை தமயந்தி. பொள்ளாச்சிப் பக்கத்துப் பெண். கீல், தாழ்ப்பாள், பூட்டு என்று கதவோடு ஒட்டிய எதைக் கேட்டாலும் கண்ணை மூடிக்கொண்டு வரைவாள். அடுத்தவன் நிஜாம், உக்கடத்துப் பையன், கணினி வேலை. மேலே மேலாளர் சிவசாமி. நெற்றி நிறைய விபூதியும் வாய் நிறைய இங்கிலீஷும் உள்ளவர். நான் இந்தக் கணக்கில் சேர மாட்டேன். நாற்காலி, மேஜை மாதிரி நானும் ஒரு சாமான்.

அப்போது கையில் இருந்தது பெரிய வேலை. ஏதோ ஒரு தீவில் ஊருக்குள் கடல் புகாமல் தடுக்க ராட்சசக் கதவு. தீவின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அதையும் நான் வரைந்ததுதான் என்பீர்கள். கதவுக்கு அடியில் போகும் சுரங்கப்பாதை போர்த்துகலில் போர்ட்டோ நகரத்து ஒன்பது பேரின் பொறுப்பு. கதவை எப்போது மூடுவது, எப்போது திறப்பது என்கிற மூளை வேலை கனடாவில் ஹாலிஃபாக்ஸ்காரர்கள் ஏழு பேருடையது. பூட்டும் கீலும் நம்முடையவை. இவர்கள் ஒருவரை ஒருவர் நேரில் பார்த்ததே கிடையாது.

ஆரம்பத்தில் எல்லா ஆபீஸிலும் இருப்பது போலத்தான் இருந்தது. ஒரே கோப்பில் மூன்று ஊர்க்காரர்களும் எழுதுவார்கள். திரையில் கட்டம் கட்டமாக முகம் தெரியும். ‘நீங்க மியூட்ல இருக்கீங்க’ என்று ஒருவரை ஒருவர் ஆசீர்வதித்துக்கொள்வார்கள். ஒரு திருகாணியின் நீளத்தை முடிவு செய்ய ஒரு வாரம் ஆகும். பிறகுதான் சங்கமம் வந்தது.

சங்கமம் என்பது தலையில் மாட்டிக்கொள்ளும் ஒரு வளையம். நிஜாம்தான் எனக்கு விளக்கினான்.

“பெரியவரே, ஆபீஸ்ல இருக்கறப்ப இத மாட்டிக்கணும். வீட்டுக்குப் போறதுக்கு முன்னால பத்து நிமிஷம் கண்ண மூடி உக்காரணும். அவ்வளவுதான். இன்னைக்கு வேலைல எனக்கு என்னென்ன ஞாபகமோ, அது மத்தவங்க எல்லாருக்கும் ஞாபகம் ஆயிரும். அவங்க ஞாபகம் எனக்கு வந்துரும். யாரும் யாருக்கும் எழுத வேண்டியதில்ல, விளக்க வேண்டியதில்ல.”

“அப்போ மீட்டிங்?”

“மீட்டிங்கே கெடையாது.”

“இதுக்கு முன்னால பெரியம்மைக்குத்தான் இப்படி ஒரு மருந்து கண்டுபிடிச்சாங்க” என்றேன். “சரி சாமி, நீ திருகாணி நீளம் பத்துங்கற, அவன் பன்னெண்டுங்கறான். ரெண்டு பேர் ஞாபகமும் ஒத்துப் போகலைன்னா?”

“எது நெறயப் பேருக்கு ஞாபகமோ அது நிக்கும். மத்தது அழிஞ்சிரும்.”

“யாரக் கேட்டு அழிக்கும்?”

நிஜாம் என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். “கேட்டா அப்பறம் அது மீட்டிங் ஆயிருமே?”

எனக்கு நெஞ்சில் பேஸ்மேக்கர் இருப்பதால் வளையம் கூடாது என்று கம்பெனி டாக்டர் சொல்லிவிட்டார். ஆபீஸில் தன் ஞாபகத்தைத் தானே வைத்துக்கொண்டு சுற்றிய ஒரே ஆள் நான்தான்.

நன்றாகத்தான் வேலை செய்தது. ஒரு வருஷ வேலை நாலு மாதத்தில் முடிந்தது. வேலை ஞாபகம் மட்டும்தான் போகும் என்று சொன்னார்கள். ஆனால் ஞாபகம் என்ன, அளந்து ஊற்றுகிற பாலா? ஓரத்தில் கொஞ்சம் சிந்தத்தான் செய்தது. சுத்த சைவமான சிவசாமி, சுட்ட மத்தி மீனில் முள் எடுப்பது எப்படி என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். நிஜாம் பனியில் கார் ஓட்டுவான். உக்கடத்தில் ஸ்கூட்டர் ஓட்டத்தான் தடுமாறினான். பதிலுக்கு இங்கிருந்து போனது என்ன தெரியுமா? என் கதைகள். சாப்பாட்டு வேளையில் இந்த மூன்று பேர் கேட்டதெல்லாம் போர்ட்டோவுக்கும் ஹாலிஃபாக்ஸுக்கும் போய்ச் சேர்ந்தது. அங்கே பதினாறு பேர் என் ஆணியை நினைத்துச் சிரித்திருக்கிறார்கள். உலகப் புகழ் என்பது எனக்கு அப்படி வந்தது. அதன் விலை அப்போது தெரியவில்லை.

ஒரு நாள் சாப்பிடும்போது தமயந்தியிடம் சொன்னேன். “அம்மிணி, கீலுக்குள்ள வெண்கல உறை வெச்சா உப்புத் தண்ணி அரிக்காதுன்னு நீ சொன்ன பாரு, அந்த ஒண்ணுக்கே உனக்குச் சிலை வெக்கலாம்.”

“அது நான் சொல்லலீங்கண்ணா. டுவார்த்தே சொன்னது.”

டுவார்த்தே போர்ட்டோவின் தலைவர்.

“போன வாரம் இதே எடத்துல, தயிர்சாதத்துக்கு நடுவுல நீதான கையத் தூக்கிட்டுச் சொன்ன?”

அவள் சிரித்தாள். “உங்களுக்கு எதைச் சொன்னாலும் ஒரு எடம், ஒரு தயிர்சாதம் சேர்த்தாத்தான் ஆகும்.”

அதில் பொய்யே கிடையாது. அவள் முகத்தில் தேடிப் பார்த்தேன், விட்டுக்கொடுத்த வருத்தம்கூட இல்லை. அந்த யோசனை அவளுக்கு வந்த கணமே அவளுக்குள் இல்லை.

பிறகு ஆயுத பூஜை வந்தது.

கோயமுத்தூரில் லேத்துப் பட்டறையிலிருந்து ஐடி கம்பெனி வரைக்கும் ஆயுத பூஜை என்றால் ஆயுதத்தைத் தொடக் கூடாது. ஸ்பானர் வைத்திருப்பவன் ஸ்பானரை வைப்பான், ஆட்டோக்காரன் ஆட்டோவை நிறுத்துவான். சிவசாமி ஒரு வாழையிலையில் மூன்று வளையங்களையும் வரிசையாக வைத்தார். ஒவ்வொன்றுக்கும் சந்தனம், குங்குமம், மேலே ஒரு செவ்வந்திப் பூ.

“இது சும்மா இருக்கற நாள். நாளைக்கும் லீவு. நாளானைக்குக் காலைல எடுத்தாப் போதும்” என்றார்.

“சார், ஹாலிஃபாக்ஸ்காரங்க தப்பா நெனச்சுக்க மாட்டாங்களா?” என்றான் நிஜாம்.

“அவங்களுக்கும் சேர்த்துத்தான்யா கும்பிடறேன்.”

வாசலில் பூசணிக்காய் உடைத்தாயிற்று. பொரி, கடலை, சிவசாமி வீட்டம்மா செய்து கொடுத்த சுண்டல். தமயந்தி ஜன்னலோரம் உட்கார்ந்து பொரியை ஒவ்வொன்றாக எடுத்து வாயில் போட்டுக்கொண்டிருந்தாள். வெகுநேரம் பேசவே இல்லை.

“என்ன அம்மிணி, ஒடம்புக்கு ஆகலியா?”

“தலைக்குள்ள குடியிருந்த பதினெட்டுப் பேரும் வீட்டக் காலி பண்ணீட்டுப் போனாப்ல இருக்குங்கண்ணா. ஒரே அமைதி. நானா யோசிச்சே ரொம்ப நாளாச்சு.”

“யோசி. இன்னைக்கு அது வேலையில சேராது.”

சிறிது நேரத்தில் ஒரு இலைத்துண்டை எடுத்துத் திருப்பிப் போட்டு, நகத்தால் கீறி என்னவோ வரைய ஆரம்பித்தாள். வாழையிலையில் நகம் பட்ட இடம் கொஞ்சம் கொஞ்சமாகக் கறுக்கும், தெரியுமல்லவா? கோடு கோடாகக் கதவு வந்தது. அடியில் சுரங்கம் வந்தது.

“அண்ணா, இங்க பாருங்க. கரண்ட் போனாக் கடல் கதவு தன்னால மூடிக்கும். அது மூடறப்ப நான் வரைஞ்ச பூட்டும் சேர்ந்து விழும்.”

“அதுக்குத்தான பூட்டு?”

“அதே பூட்டோட தண்டுலதான் போர்ட்டோக்காரங்க சுரங்கத்து வாசல் கதவையும் கோத்துருக்காங்க. அப்ப சுரங்கமும் பூட்டிக்கும். வெளியில இருந்துதான் தெறக்க முடியும். உள்ள ஆள் இருந்தா?”

கேட்டுக்கொண்டிருந்த சிவசாமி, “உள்ள ஆள் இருக்கக் கூடாதுன்னு விதி இருக்கே, தமயந்தி” என்றார்.

“விதி இருந்தா? கரண்ட் எப்பங்க சார் போகும்? புயல் அடிக்கறப்பத்தான் போகும். மழை வந்தா வேலை செய்யறவன் எங்க ஒதுங்குவான்? அங்கதான் ஒதுங்குவான்.”

மூன்று ஊரும் தன் தன் பங்கைச் சரியாக வரைந்திருந்தது. யாருடைய தாளிலும் தப்பு இல்லை. மழைக்கு ஒதுங்குகிற மனிதன்தான் எந்தத் தாளிலும் இல்லை.

வளையத்தைத் தொட முடியாது. அதனால் சாதாரணப் போனில் டுவார்த்தேயைக் கூப்பிட்டாள். ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். போர்ட்டோவில் அப்போதுதான் பொழுது விடிந்துகொண்டிருந்தது. மனிதர் படுக்கையில் இருந்தார். அவள் எல்லாவற்றையும் சொன்னாள், இரண்டு தடவை சொன்னாள். நடுவில் அவர், “என்ன சத்தம், என்ன சாப்பிடுகிறாய்?” என்றார். “சுண்டல்” என்றாள். “நல்ல வேளை சொன்னாய், பட்டறையில் அந்தத் தண்டை நிறுத்தச் சொல்கிறேன்” என்றார் டுவார்த்தே. கொட்டாவி விட்டார். போனை வைத்தார்.

“அப்பாடா!” என்றாள் தமயந்தி. ஒரு கை சுண்டலை வாயில் போட்டுக்கொண்டாள். அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அவள் முகத்தில் அதற்கு முன்னால் பார்த்ததில்லை, பின்னால் பார்த்தது ஒரே ஒரு தடவை. இலைகளை வாரிக் காம்பவுண்டுக்கு வெளியே போட்டார்கள். எப்போதும் அங்கே நிற்கிற பசுமாடு, வரைபடம் இருந்த இலையையும் சேர்த்துத் தின்றது. நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். சாட்சியைத் தின்கிறது என்று அப்போது தோன்றுமா?

லீவு முடிந்து வந்தார்கள். விட்டுப்போன நாட்களை நேர் செய்ய, வந்தவுடன் பத்து நிமிஷம் கண்மூடி உட்கார வேண்டும் என்பது நடைமுறை. தமயந்தி வளையத்தை எடுத்து மாட்டினாள். அதில் இருந்த சந்தனம் அவள் நெற்றியில் ஒட்டியது. மூவரும் கண்ணை மூடினார்கள். நான் தினத்தந்தி படித்துக்கொண்டிருந்தேன்.

கண்ணைத் திறந்ததும் கேட்டேன். “அந்தச் சுரங்கக் கதவு விஷயம் என்னாச்சு? நிறுத்திட்டாங்களா?”

“எந்தக் கதவுங்கண்ணா?”

“நீ டுவார்த்தேக்குப் போன் பண்ணினியே?”

“ஆமா, ஆயுத பூஜை நோம்பிக்கு வாழ்த்துச் சொன்னேன். பாவம், சுண்டல் எப்படிப் பண்றதுன்னு ஒரே கேள்வி!”

சிவசாமியும் நிஜாமும் சிரித்தார்கள். “கடைசில எலுமிச்சம்பழம் புழியணும்னு சொன்னதும் மனுசன் அசந்துட்டாரு” என்றான் நிஜாம்.

நடந்தது இவ்வளவுதான். டுவார்த்தே அரைத் தூக்கத்தில் கேட்டதைத் தலையில் சுமந்துகொண்டு ஆபீஸுக்குப் போனார், பட்டறைக்கு மறுநாள் சொல்லிக்கொள்ளலாம் என்று வைத்தார். அங்கே மற்ற எட்டுப் பேருக்கும், ஹாலிஃபாக்ஸில் ஏழு பேருக்கும் ஒரே ஞாபகம்: கோயமுத்தூரில் இன்று பண்டிகை, வேலை கிடையாது. வேலையே இல்லாத நாளில் வேலைப் பேச்சு எப்படி வரும்? சாயங்காலம் பத்து நிமிஷத்தில் சங்கமம் அவரைத் திருத்திவிட்டது. மிச்சம் நின்றது சுண்டல் ஒன்றுதான், அதை வைத்து மீதிப் பேச்சைக் கட்டி முடித்தது. பிறகு லீவு முடிந்து வளையம் மாட்டியபோது இங்கே மூன்று பேர், அங்கே பதினாறு பேர்; பதினாறுதான் நின்றது.

நான் விடவில்லை. இலையில் அவள் வரைந்ததை ஒரு தாளில் நானே வரைந்து அவள் முன்னால் வைத்தேன். கரண்ட், கதவு, தண்டு, பூட்டு, ஒதுங்குகிறவன். ஒன்றுவிடாமல் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள்.

“உள்ள யாரும் இருக்கக் கூடாதுங்கண்ணா. அது விதி.”

“விதி இருந்தா மழைக்கு ஒதுங்க மாட்டானா?”

“விதியில இல்லாதவனுக்கு எப்படீங்க பூட்டுச் செய்யறது?”

அவள் கேட்ட கேள்விக்கு அவளே, பதினாறு பேர் தைரியத்தில் பதில் சொன்னாள்.

சிவசாமியிடம் போனேன். “சபாபதி, சாப்பாட்டு நேரம் இன்னும் ஆகலியே?” என்றார். கடைசியில் என் சொந்தப் போனிலிருந்து டுவார்த்தேயைக் கூப்பிட்டேன். மனிதருக்கு ஏக சந்தோஷம்.

“ஆணியில் சட்டை மாட்டியவர் நீங்கள்தானே?” என்றார். “எங்கள் ஆபீஸில் உங்களைத் தெரியாதவர்களே இல்லை!”

நான் சுரங்கத்தைப் பற்றிச் சொன்னேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். “பிரமாதம். கடைசியில் அந்தச் சுரங்கத்தில் உங்கள் சட்டையைத்தானே காயப் போட்டீர்கள்?” என்றார்.

ஹாலிஃபாக்ஸுக்குக் கடிதமே எழுதினேன். சிரிக்கிற முகம் ஒன்று பதிலாக வந்தது.

கதவைக் கட்டி முடித்தார்கள். முதல் புயலில் கரண்ட் போனது. கதவு அழகாக, தானாக மூடியது. ஊருக்குள் ஒரு சொட்டுக் கடல் வரவில்லை. மழைக்கு ஒதுங்கிய நாலு பேர் சுரங்கத்துக்குள் இருந்தார்கள். தண்ணீர் கசிந்து ஏற ஏற உள்ளேயிருந்து கதவைத் தட்டியிருக்கிறார்கள். தட்டிய இரும்புக் கம்பி வளைந்து கிடந்ததாம். அதில் ஒருவன் அறந்தாங்கியிலிருந்து வெல்டிங் வேலைக்குப் போனவன். பெயர் செல்லையா.

விசாரணை வைத்தார்கள். தீவிலிருந்து ஓர் அம்மாள் அதிகாரியாக வந்திருந்தார். பூட்டு யார் வரைந்தது? கோயமுத்தூர். கையெழுத்து யாருடையது? தமயந்தி. இப்படி நடக்கும் என்று முன்பே தோன்றவில்லையா?

“தோணலீங்க மேடம்” என்றாள் தமயந்தி. “எனக்குத் தோணியிருக்கணும். என்ற கையால வரைஞ்ச பூட்டு அது. ஏன் தோணாமப் போச்சுன்னு தெரியல.” அவள் அழவில்லை. கையைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

பண்டிகை நாளில் ஒரு போன் போயிருக்கிறதே, என்ன பேசினீர்கள் என்று எல்லாரையும் தனித்தனியாகக் கேட்டார்கள். திரையில் போர்ட்டோக்காரர்கள், ஹாலிஃபாக்ஸ்காரர்கள், நேரில் நம்மவர்கள். எல்லாரும் ஒரே மாதிரி சொன்னார்கள். ‘கடலையை முதல் நாளே ஊற வைக்க வேண்டும், தேங்காயைப் பூப்போலத் துருவ வேண்டும், கடைசியில்...’ இந்தக் ‘கடைசியில்’ வந்ததும் அத்தனை பேரும் ஒரே இடத்தில் நிறுத்தி, ஒரே மாதிரி புன்னகை செய்து, ‘எலுமிச்சை’ என்றார்கள். டுவார்த்தே அதைத் தன் வீட்டில் செய்து பார்த்ததாகவும், பிள்ளைகளுக்குப் பிடித்துப்போனதாகவும் சொல்லிக் கண் கலங்கினார். அவர் பொய் சொல்லவில்லை. அந்த அறையில் யாருமே பொய் சொல்லவில்லை.

நான் எழுந்து நடந்ததைச் சொன்னேன். பூஜை, இலை, நகக்கோடு, போன், டுவார்த்தேயின் கொட்டாவி.

“அந்த இலை எங்கே?” என்றார் அதிகாரி அம்மாள்.

“பசுமாடு தின்றுவிட்டது.”

சாட்சியத்தை எழுதிக்கொண்டிருந்தவர் எழுதுவதை நிறுத்தினார். கனடாப் பக்கத்து வக்கீல் திரையிலிருந்து கேட்டார். “காகிதத்தில் வரைந்த ஆணியில் சட்டை மாட்டியதாக நீங்கள் சொன்னது உண்மைதானா?”

யோசித்துப் பார்த்தேன். உண்மை என்றால் பைத்தியக்காரன். பொய் என்றால் பொய்யன். இரண்டில் எதைச் சொன்னாலும் சாட்சி போச்சு.

“அது நல்ல ஆணி” என்றேன். உட்காரச் சொல்லிவிட்டார்கள்.

தீர்ப்பு பூட்டின் தலையில் விழுந்தது. இனி எந்த வரைபடத்திலும் தமயந்தி கையெழுத்துப் போடக் கூடாது. கோயமுத்தூர் அணியைக் கலைத்தார்கள். அந்த மூன்று பேரின் இடத்துக்கு வேறு ஊரில் வேறு மூன்று பேர். வளையத்தைக் கழற்றிவிட்டால் பழைய ஞாபகம் திரும்புமா என்று நிஜாமைக் கேட்டேன். “அழிச்சது அழிச்சதுதான் பெரியவரே” என்றான். “அழிக்கறதுக்கு என்ன இருந்துச்சுன்னுதான் எனக்குப் புரியல.”

துடியலூரில் தமயந்தி வீட்டுக்கு வாரம் ஒரு தரம் போக ஆரம்பித்தேன். கணவர் வேலைக்குப் போயிருப்பார். முதல் தடவை போனபோது குளியலறைக்குப் போய்விட்டுத் தாழ்ப்பாளைத் தேடினேன். இல்லை. திருகாணி இருந்த ஓட்டை மட்டும் இருந்தது. படுக்கையறையிலும் இல்லை, சமையலறையிலும் இல்லை. வீட்டில் எந்தக் கதவுக்கும் தாழ்ப்பாள் இல்லை. கழற்றிவிட்டிருந்தாள்.

“குளிக்கறப்ப பக்கெட்ல தண்ணிய நெறச்சு முட்டுக் கொடுத்துக்குவோங்கண்ணா” என்றாள். “ஒண்ணும் சிரமமில்ல.”

அன்று உண்மையைச் சொன்னேன். அவளுக்கு முன்பே தெரிந்திருந்தது, அவள்தான் முதலில் சொன்னாள், சொல்லித் தடுக்கவும் பார்த்தாள் என்று. முழுவதும் கேட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

“நீங்க சொன்னதுலயே இதுதாங்கண்ணா நல்ல கதை. எனக்குன்னே கட்டுனீங்களா?”

“உனக்குன்னேதான் அம்மிணி” என்றேன்.

அதன் பிறகு போகும்போதெல்லாம் அதையே கேட்பாள். காபியைக் கையில் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்துகொள்வாள். “அந்த இலைக் கதை சொல்லுங்க. நான் என்ன சொன்னேன்? மழை வந்தா எங்க ஒதுங்குவான்னு கேட்டனா?” குழந்தை மாதிரிதான் கேட்பாள். கதையில் வருகிற அந்தக் கெட்டிக்காரப் பொம்பளையை அவளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. நானும் சொல்வேன். சொல்லச் சொல்ல அவள் முகம் கொஞ்சம் தெளியும். குளியலறை வாசலில் இருந்த பக்கெட் ஒரு நாள் பாதிதான் நிறைந்திருந்தது. பக்கெட்டுக்கு வேலை குறைகிறது, தாழ்ப்பாள் திரும்பி வரும், தேறிவிடுவாள் என்று நினைத்தேன்.

பிறகு ஒரு நாள் கதை முடிந்ததும் அவள் சிரிக்கவில்லை.

“அண்ணா, உங்க கதையெல்லாம் ஒவ்வொரு தடவையும் வளருமே? அந்த ஆணி மொதல்ல சட்டையத் தாங்குச்சு. அப்பறம் கோட்டு. அப்பறம் ஒரு சைக்கிளே தொங்குச்சு. இந்தக் கதை மட்டும் ஏன் வளரவே இல்ல?”

நான் அதைக் கவனிக்கவே இல்லை. இத்தனை வருஷத் தொழிலில் இப்படி ஒரு இடத்தில் கோட்டை விட்டிருக்கிறேன்.

“ஒரு வார்த்தைகூட மாறலீங்கண்ணா. பொரி, நகம், கொட்டாவி. எத்தன தடவ கேட்டாலும் அதே எடத்துல அதே கொட்டாவி.” அவள் குரல் இறங்கியது. “இது... நடந்ததா?”

நான் காபியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது போதுமாக இருந்தது அவளுக்கு.

முதலில் அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. ஆயுத பூஜையன்று பார்த்த அதே வெளிச்சம். ஒரு மூச்சு விடுகிற நேரம்தான். அப்புறம் அது அணைந்த வேகத்தை என்னால் சொல்ல முடியாது.

“அப்போ எனக்குத் தெரிஞ்சிருக்கு” என்றாள். “அந்தச் செல்லையா செத்துப் போவான்னு எனக்குத் தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சிருந்தும் லீவு முடிஞ்ச அன்னைக்கு நானே கையில எடுத்து மாட்டிட்டேன். யாரும் புடிச்சு வெச்சு மாட்டி உடல. நானே. என்ன ஆகும்னு ஒரு நிமிஷம் யோசிக்காம, பூவக்கூட எடுக்காம...”

குளியலறைக் கதவைப் பார்த்தாள். அந்தப் பாதி பக்கெட்டைப் பார்த்தாள். தோன்றவில்லை என்கிற துக்கத்தை அவள் எப்படியோ தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டிருந்தாள். தோன்றியது, சொன்னேன், பிறகு நானே தொலைத்தேன் என்பதை எங்கே வைப்பாள்?

“கதை இன்னும் முடியலியே அம்மிணி” என்றேன்.

திரும்பினாள்.

“அந்த இலையத் தின்னது பசுமாடுன்னு இத்தன நாள் சொன்னேன்ல? அது, நீ பயந்துக்குவேன்னு சொன்னது. உண்மையில வந்தது மருதமலை யானை. அவிநாசி ரோட்டுல சிக்னல்ல நின்னு, பச்சை விழுந்ததும் பீளமேட்டுக்குத் திரும்புச்சு. இலையத் தின்னுச்சு. சிவசாமி வெச்ச வளையத்துல ஒண்ண எடுத்துத் தலையில மாட்டிக்கிச்சு. அன்னைக்கு ஹாலிஃபாக்ஸ்ல ஏழு பேருக்கும் ராத்திரி பூரா கரும்பு ஞாபகம்.”

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் முகத்தில் ஒன்றையும் காட்டவில்லை. அது மட்டும்தான் எனக்குத் தெரிந்த வித்தை.

“அதான பாத்தேன்!” என்றாள் கடைசியில். பெருமூச்சு விட்டாள். சிரிக்கவும் செய்தாள். “ஒரு நிமிஷம் என்னைக் கொன்னுட்டீங்கண்ணா. இருங்க, காபி ஆறிப் போச்சு, வேற போடறேன்.”

அவள் உள்ளே போன பிறகு பக்கெட்டை நானே எடுத்துக் குழாயடியில் வைத்து நிறைத்துவிட்டு வந்தேன்.

சங்கமத்தால் ஆகாத ஒன்று அன்று நடந்து முடிந்தது. பத்தொன்பது பேருக்கு எதிரில் நின்ற ஒரே ஓட்டான என் ஓட்டும் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தது, வளையம்கூட மாட்டாமல். இப்போது கதை நன்றாக வளர்கிறது. யானைக்கு ஒரு குட்டி பிறந்தாயிற்று. போன வாரம் அது போர்ட்டோவில் டிராம் ஏறியது. தமயந்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். பக்கெட் முழுசாக நிறைந்து வாசலிலேயே நிற்கிறது.

உங்களிடம் மட்டும் சொல்லி வைக்கிறேன். தின்றது பசுதான்.